மோட்டார் ரூமும் பி.எல்.சி. கோர்ஸும்

தொண்டாமுத்தூர் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம் இருக்கும். உள்ளே சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பட்டனை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், மோட்டார் ஓட ஆரம்பிக்கும். பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கரண்ட் போய்விட்டு வந்தால், ஆட்டோ போடாத ஸ்டார்ட்டர் தானாக ஓடாது. யாராவது போய் மறுபடி அமுக்க வேண்டும். ஏன்?

இந்த 'ஏன்'னுக்குப் பதில் தெரிந்தவர் ஆட்டோமேஷன் படிப்பின் முதல் பாடத்தை முடித்துவிட்டார் என்று அர்த்தம்!

பட்டனை அமுக்கியதும் உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்ட் போகிறது. காயில் காந்தமாகி காண்டாக்டுகளை இழுக்கிறது. அதில் ஒரு சின்னக் காண்டாக்ட், பட்டனுக்குப் பக்கத்து வழியாக நின்று காயிலுக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுக்கிறது. அதனால்தான் கையை எடுத்தாலும் நிற்பதில்லை. கரண்ட் போனால் காந்தம் போய்விடும், பிடி விட்டுவிடும். சிவப்புப் பட்டன் செய்வதும் அதையேதான்... அந்த வழியை அறுத்துவிடுவது.

அந்தக் காலத் தொழிற்சாலைகள் இப்படிப்பட்ட ரிலேக்களை சுவர் நிறைய மாட்டித்தான் ஓடின. அமெரிக்காவில் கார் மாடல் மாறும்போதெல்லாம் ஒயரிங் முழுவதையும் பிரித்து மாட்ட வேண்டிய தலைவலி. இதற்கு ஒரு வழி வேண்டும் என்று 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டது. டிக் மோர்லியும் அவர் கூட்டாளிகளும் செய்த 'மோடிகான் 084' 1969-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒயரை மாற்றாமல் புரோகிராமை மாற்றினால் போதும். அதுதான் பி.எல்.சி. எலெக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே பழகியிருந்த ஏணிப் படத்தையே புரோகிராம் மொழியாகவும் வைத்தார்கள். இன்று லேடர் லாஜிக் என்று பணம் கட்டிப் படிப்பது அதைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்த பையன், வடவள்ளி வழியாக பஸ் பிடித்து டவுனுக்குப் போகிறான். போர்டில் பி.எல்.சி., ஸ்காடா, எச்.எம்.ஐ., டிரைவ், டி.சி.எஸ். எல்லாம் ஒரே மாதத்தில் என்று போட்டிருக்கிறது. கீழே "100% வேலை உத்தரவாதம்". அன்று ராத்திரி வீட்டில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"ஏங்கண்ணு, காலேஜுக்குக் கட்டுனது பத்தாதுன்னு இன்னொன்னா?"

"இது படிச்சாத்தானுங்ப்பா வேலை கெடைக்குமாமா."

"ஆரு சொன்னா?"

பையனிடம் பதில் இல்லை. சொன்னது அந்த சென்டர்காரர்களேதான்!

கட்டப்போவது சின்ன வெங்காயம் விற்ற காசு. அதனால் கட்டும் முன் நாலு கேள்வி கேட்பதில் தப்பே இல்லை.

ஒன்று, ஒரு பி.எல்.சி. கிட்டுக்கு எத்தனை பேர்? கம்ப்யூட்டரில் சிமுலேஷன் மட்டும் என்றால் அதை வீட்டிலேயே செய்யலாம். கோடெசிஸ், ஓப்பன் பி.எல்.சி. இரண்டையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சென்டருக்குக் கொடுக்கும் பணம், வீட்டில் இல்லாத பொருளைக் கையால் தொடுவதற்குத்தான்.

இரண்டு, ஒயரிங்கும் ஃபால்ட் பார்ப்பதும் உண்டா? உதாரணமாக, சென்சார்கள் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியராக அனுப்புகின்றன. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? டேங்க் காலி என்றால் 4 வரும். ஒயர் அறுந்தால் பூஜ்யம் வரும். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான். மில்லில் ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்றால் தேவைப்படுவது இந்த அறிவுதான். நின்றது புரோகிராமாலா, ஒரு லூஸ் ஒயராலா என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

மூன்று, எத்தனை பிராண்ட் என்பதைவிட ஒன்றாவது முழுசாகச் சொல்லித் தருவார்களா? சீமன்ஸ், ஆலன் பிராட்லி, மிட்சுபிஷி, டெல்டா என்று பெயர்கள் நிறைய. ஆனால் 1993-லேயே ஐ.இ.சி. 61131-3 என்று புரோகிராம் மொழிகளுக்குப் பொது விதி வந்துவிட்டது. ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு அடுத்தது சீக்கிரம் பிடிபடும். ஐந்தை மேலோட்டமாகப் பார்த்தவருக்கு ஒன்றும் நிற்காது.

நான்கு, போன பேட்ச் பையன்கள் இரண்டு பேரிடம் பேச முடியுமா? உத்தரவாதம் என்கிற வார்த்தைக்கு அர்த்தம் அவர்களிடம்தான் இருக்கிறது.

காசு கட்டாத வழிகளும் உண்டு. அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் உதவித்தொகையோடு கற்கலாம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்க 2022-ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டது. கோவையில் பம்பு, ஃபவுண்டரி, நூல் மில் என்று மெஷினுக்குப் பஞ்சமே இல்லை!

இந்த ஊருக்கு இந்த விவாதம் புதிதும் அல்ல. தடாகம் ரோட்டு அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் தொடங்கியபோது ஆர்தர் ஹோப் பெயரில் இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜி.டி. நாயுடு, நாலு வருஷப் படிப்பு நேர விரயம், இரண்டு வருஷம் போதும் என்றார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இதைச் சொல்லி யாராவது "அப்போ முப்பது நாளும் போதுமே" என்றால் நம்பிவிட வேண்டாம். நாயுடு இளைஞராக இருந்தபோது ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டிக் கற்றுக்கொண்டார். கோர்ஸின் நாள் கணக்கைவிட, பிரித்து மாட்ட விடுவார்களா என்பதுதான் கேள்வி.

சேரும் முன் ஒரு வேலை. மெயினை ஆஃப் செய்துவிட்டு, அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காயில் எரிந்தபோது மாற்றியவர், அவருக்குத் தெரியும். பார்த்ததை ஒரு தாளில் ஏணிப் படமாக வரையுங்கள். அந்தத் தாளோடு சென்டருக்குப் போய், "இதை உங்க பி.எல்.சி.யில் நானே ஒயர் பண்ணி ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

"இப்பவே வாங்க தம்பி" என்பவரிடம் தாராளமாகச் சேரலாம். "மொதல்ல ஃபீஸ் கட்டுங்க" என்றால்... வெங்காயக் காசு இன்னும் கொஞ்ச நாள் அப்பாவிடமே இருக்கட்டும்.