பதினாலு பேர் விலையில ஒரு ரீல்

தோட்டத்துல ஒரு நாள் வேலையை ஒரு ‘பேர்’னு சொல்லுவோம். 2024இல நிர்ணயிச்ச அடிப்படைச் சம்பளப்படி ஒரு பேருக்கு 1,350 ரூபா. கொழும்புல நான் பார்த்த பெய்ட்காஸ்டிங் ராடும் ரீலும் சேர்த்து 18,900 ரூபா. சரியா 14 பேர். கடைச் சம்பளத்துல நான் மிச்சம் பிடிச்ச காசுதான். ஆனாலும் அம்மா மழையில, அட்டைக்கடியில கொழுந்தெடுக்கிற கணக்குலதான் எனக்கு எந்த விலையும் புரியும்.

மாமாகிட்ட சொன்னேன். “மீனு மூங்கிக் கம்பைப் பார்த்து ஓடிருமாடா?”ன்னு கேட்டார். அவர் சாமான் மூங்கில் கம்பு, தங்கூசி, முள்ளு, மண்புழு. மிதப்புக்கு அறுந்த ரப்பர் செருப்புல வெட்டின துண்டு. திலாப்பியா அதுலயே வருது.

ஆனா எனக்கு ரீல் மேல ஆசை வந்ததுக்குக் காரணம் மீன் மட்டுமில்ல. 1880களில வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில விட்டாங்க, தாங்க பொழுதுபோக்காத் தூண்டில் போடுறதுக்கு. ராடு, ரீல்னா அது துரை வீட்டுச் சாமான்ங்கிற நெனப்பு லயத்துல இன்னும் இருக்கு. நம்ம கையிலயும் ஒண்ணு இருந்தா என்ன? இதை வெட்டிச் செலவுன்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன்.

சரி, எந்த ரீல்? பெய்ட்காஸ்டர் ராடுக்கு மேல உக்காரும். வீசும்போது இரை போற வேகத்துக்கு ஸ்பூலே சுத்தும். பெருவிரலால அதை அமத்தி அடக்கணும். இரை காத்துல வேகம் குறைஞ்சும் ஸ்பூல் சுத்திக்கிட்டே இருந்தா தங்கூசி குருவிக்கூடு மாதிரி சிக்கிடும். இதைத்தான் பேக்லாஷ்ங்கிறாங்க. ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழ தொங்கும். வீசும்போது அதோட ஸ்பூல் அசையாது, நூல் மட்டும் உருவிக்கிட்டுப் போகும். அதனால லேசான இரையும் தூரம் போகும்.

நம்ம தண்ணியை யோசிங்க. காசல்ரீயிலயும் மவுசாகலையிலயும் நாம பிடிக்கிறது பெரும்பாலும் திலாப்பியா, கெண்டை. இரை ஒரு மண்புழு, இல்லாட்டி பாண் உருண்டை. ராடுல கைப்பிடிக்கு மேல எத்தனை கிராம் வீசலாம்னு எழுதியிருக்கும். நான் பார்த்ததுல 7–21 கிராம். புழுவும் செருப்புத் துண்டும் அந்த எடைக்கு வராது. மழைக்காலத்துல டேம் பக்கம் எதிர்க்காத்து வேற. பழகாத கையில நாள் முழுக்கச் சிக்கெடுக்கிற வேலைதான்.

பெய்ட்காஸ்டருக்கும் ஒரு இடம் இருக்கு. மவுசாகலைக்கு அடியில பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கு; 1969இல அணை கட்டி முடிஞ்சப்போ முங்கினது. கடும் வறட்சியில கோயில் கட்டடம் வெளிய தெரியும். அந்தச் சுவர், கல்லு, கட்டைக்குள்ள முள்ளு மாட்டினா, தடிச்ச நூல் போட்ட பெய்ட்காஸ்டர் தாங்கி இழுக்கும். கீழ்நாட்டுக் குளங்கள்ல அல்லிக்கொடிக்குள்ள ஒளியிற விராலுக்கு ரப்பர் தவளை வீசவும் அதுதான் சரி.

அதுக்குன்னு வாங்குறவங்க முதல்ல கைப்பிடி எந்தப் பக்கம்னு பாருங்க. ஸ்பின்னிங் ரீல்ல மாதிரி பெய்ட்காஸ்டர்ல அதைக் கழட்டிப் பக்கம் மாத்த முடியாது. 6.3:1னு எழுதியிருந்தா, ஒரு சுத்துக்கு ஸ்பூல் 6.3 தடவை சுத்தும்; தொடங்குறவங்களுக்கு அது போதும். ராடு ஆறரை அடி, நடுத்தர விறைப்பு. முதல்ல சாதா தங்கூசியே போடுங்க. சிக்கினா வெட்டி எறிய மனசு வரும். வீசுறதுக்கு முந்தி, கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்கிற சின்னத் திருகை முறுக்கி, பொத்தானை அமத்தி இரையை இறக்கிப் பாருங்க. மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிக்கணும்.

நான் 6,750 ரூபாவுக்கு ஒரு ஸ்பின்னிங் செட் எடுத்தேன். அஞ்சு பேர். தீவாளிக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்போ மாமா கையில வாங்கி, ரீலை ரெண்டு சுத்துச் சுத்திப் பார்த்தார். “புழு எங்க?”ன்னார்.