பனியிரவும் ஒரு கட்டுப் புல்லும்

கலாசாலைப் படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் நியமனம் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு. கடற்கரை ஊரான் நான். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர் எலும்புக்குள் போனது. வாடகை அறையின் பலகைச் சுவருக்கு அப்பால் ஒரு மட்டக்குதிரை நின்றது. வாவிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் குதிரை. வீட்டுக்காரருக்கு அதுதான் சோறு. அவரை நான் அண்ணன் என்பேன். பத்து வயது மூத்தவராயினும் அவருக்கு நான் 'சேர்'தான்.

2006 ஜனவரி. அந்த மாதத்தில் அங்கு வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். பகலில் நல்ல வெயில். இரவில் முகில் இல்லாததால் நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும். விடியப்புறம் எழும்பினால் புற்றரை உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். அண்ணன் அந்தப் பகல் வெயிலிலேயே புல்லைக் காயவைத்து, படுக்கமுன் ஒரு பெரிய கட்டைக் குதிரைக்குப் போடுவார். அது மெல்லும் சத்தம் இரவு முழுக்கப் பலகை வழியே கேட்கும்.

"கம்பளிய விட புல்லுதான் சேர். மென்னுக்கிட்டே கெடந்தா வயித்துக்குள்ள அடுப்பு எரியும்."

எனக்குச் சிரிப்பு. காய்ந்த புல்லில் என்ன சூடு? படித்தவன் அல்லவா!

ஒருநாள் அண்ணன் வெளியே போகையில் புல் போடும் வேலையை என்னிடம் விட்டார். பாதிக் கட்டுப் புல்லோடு, கடையில் வாங்கிய இரண்டு கிலோ சோளத்தையும் வைத்தேன். குதிரை ஆசையாகத் தின்றது. பெருமையோடு போய்ப் படுத்தேன்.

நடுச்சாமத்தில் பலகையில் உதை விழுந்தது. குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. திரும்பி வந்திருந்த அண்ணனும் நானும் மாறி மாறிக் கயிற்றைப் பிடித்து, விடியும்வரை அதை நடத்தினோம். காலடியில் உறைபனி நொறுங்கியது.

காலையில் வந்த மிருக வைத்தியர் மூக்கு வழியே குழாய் விட்டு மருந்து ஊற்றினார். குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாது என்றார். புல்லின் நார் பெருங்குடலில் மெதுவாக நொதித்துச் சூடு தருகிறது. பழக்கமில்லாத தானியம் செரிக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தால் வாயுவும் அமிலமும்தான். 250 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 5 கிலோ காய்ந்த புல் வேண்டும், குளிர் கூடினால் இன்னும் அதிகம் என்றார். அடுப்பு என்று அண்ணன் சொன்னது இதைத்தான்.

"தானியம் ஏதும் வச்சீங்களா?"

"புல்லத் தவிர ஒன்னும் இல்லீங்க. சேர்தான் போட்டாரு" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறக்கவில்லை.

குதிரை தப்பியது. மூன்று வருடத்தின் பின் மாற்றலாகி வரும்போது அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு ராவு சேர் மட்டும் கூட நடக்காட்டி, குதிர போயிருக்கும்."