கரண்டிப் பதம்

கிறிஸ்துமஸ் கீத பவனிக்காரர்கள் தெருவுக்குள் வருவதற்கு முன்பே, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்பில் பாட்டில்கள் கொதிக்கும் சத்தம் வந்துவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் என்று வருஷம் முழுக்கக் கட்டிலடியில் சேர்த்து வைத்தவை. எதற்கு எந்த மூடி என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தெருவில் எல்லார் வீட்டிலும் உண்டு. கொய்யா ஜெல்லி எங்கள் வீட்டில் மட்டும்தான். மிஷன் போர்டிங்கில் டீச்சராக இருந்த ஆச்சி, அங்கே ஒரு மிஸ்ஸியம்மாவிடம் கற்றுக்கொண்டது. கேக் கொடுத்தால் மறுநாளே தீர்ந்துவிடும், ஜெல்லியானால் பொங்கல் தாண்டியும் நம் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது ஆச்சியின் கணக்கு. சொந்தக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பாட்டில். 3 கிலோ பழத்துக்கு 5 பாட்டில் தேறும்.

பழம் முழுக்கப் பழுத்திருக்கக் கூடாது. கால் பங்காவது செங்காய் வேண்டும். ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் செங்காயில்தான் அதிகம். நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, குழைய வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி, கவிழ்த்துப் போட்ட முக்காலியின் கால்களில் தொங்கவிடுவோம். ராத்திரி முழுக்கக் கீழே சட்டியில் சொட்டும். சொட்டு நின்றுபோனால் எனக்குக் கை அரிக்கும். மூட்டையை ஒரு அழுத்து அழுத்தினால் இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமே! இருட்டிலிருந்து அம்மா குரல் வரும்: "ஏட்டி, கைய எடு. பிழிஞ்சா கலங்கிரும்."

காலையில் பார்த்தால் அந்தச் சாறு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஒரு டம்ளருக்கு முக்கால் டம்ளர் சீனி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கொதிக்கக் கொதிக்க நிறம் ஏறும். மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் மாதுளை முத்தின் சிவப்புக்கு வந்து நிற்கும். அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற அதே கண்தான் இதற்கும். கரண்டியைச் சாய்த்தால் துளித்துளியாக விழுந்தால் ஆகவில்லை. இரண்டு துளி ஓரத்தில் ஒன்றாகச் சேர்ந்து, விழலாமா வேண்டாமா என்று தயங்கி, துணிக் கிழிசல் போல் தொங்கி விழ வேண்டும். அந்தத் தயக்கம் வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும்.

வேலைக்காகக் கொடைக்கானல் வந்தபின், மூன்று வருஷத்துக்கு முன் நானே செய்து அனுப்புகிறேன் என்று கிளம்பினேன். பழனி வழியாக வந்தவரிடம் சொல்லி ஆயக்குடிக் கொய்யா வாங்கினேன். கரண்டியை நம்பாமல் ஒரு வெப்பமானியும் வாங்கினேன். 105 டிகிரி வந்தால் ஜெல்லி பதம் என்று படித்திருந்தேன். 98 வந்தது. அப்புறம் ஏறவே மாட்டேன் என்றது. நான் விடவில்லை, தீயைக் கூட்டி நின்று 105-ஐப் பார்த்துவிட்டுத்தான் அணைத்தேன். பாட்டிலில் ஊற்றிய அரை மணியில் கரண்டி உள்ளே நட்டுக்கொண்டது.

2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 93 டிகிரியில் கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 105 என்றால் இங்கே 98 தான் பதம். ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம் இது. அம்மாவிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்பிய ஏன் பாத்தே? கரண்டியப் பாக்க வேண்டியதானே" என்றாள்.

கொட்டிவிடலாம் என்றேன். பெரியம்மாவுக்கு மட்டுமாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றாள். உடன்குடிப் பெரியம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு மனை விஷயத்தில் ஏழு வருஷம் பேச்சு கிடையாது. கல்யாணத்தில் எதிரெதிரே வந்தாலும் முகம் திருப்பிக்கொள்வார்கள். அந்த ஏழு வருஷமும் ஜெல்லி போனது. எந்த வருஷமும் பாட்டில் வெறுமனே திரும்பியதில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாதே. கழுவித் துடைத்து, உள்ளே கருப்பட்டியை உடைத்துப் போட்டு, யார் கையிலாவது கொடுத்து அனுப்புவாள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டாள்.

என் பாட்டிலும் போனது. ஜனவரி கடைசியில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தது. அடியில் ஒட்டியதைப் பெரியம்மா சுரண்டிப் பார்த்திருக்கிறாள். கத்தி போட்ட கீறல்கூடத் தெரிகிறது. முடியாமல், இரண்டு விரற்கடை சிவப்பு ஜெல்லியின் மேலேயே கருப்பட்டியைப் போட்டு நிரப்பி மூடியிருந்தாள்.