படிக்கட்டில் ஒரு கடுஞ்சொல்



சில வாரங்களுக்கு முன் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் போதகர் இல்லத்துக்கு வந்திருந்தார். மேசைமேல் வேதாகமத்துக்குப் பக்கத்தில் கிடந்த பருத்த புத்தகத்தைக் கையில் எடுத்தார். அட்டையில், கூர்நுனித் தொப்பி அணிந்து கோலூன்றி நிற்கும் கிழவரின் படம். "ஐயா, இது மந்திரவாதிக் கதைதானே? போதகர் இதை வாசிக்கலாமா?" என்று கேட்டார். நான் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். அது சரியன்று. அந்தத் தாயாருக்கும் உங்களுக்கும் நேர்மையான பதிலை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

அந்தப் புத்தகம் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. நான் அதன் தீவிர ரசிகன். ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை வாசித்துவிடுவேன். யாராவது அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் என்னை நிறுத்துவது கடினம். டோல்கீன் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்து அநாதையானவர். 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தில் நின்றவர். நெருங்கிய நண்பர்கள் இருவரை அந்த ஆண்டிலேயே யுத்தத்துக்குப் பறிகொடுத்தவர். 1937 டிசம்பரில் இந்தக் கதையை எழுதத் தொடங்கி, முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் அது மூன்று பாகங்களாக வெளிவந்தது. அவர் கத்தோலிக்க விசுவாசி. ஆயினும் கதையில் இயேசுவின் நாமம் இல்லை, ஆலயம் இல்லை. உருவகக் கதைகள் அவருக்குப் பிடிக்காது.

கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகை அடிமைப்படுத்தவல்ல ஒரு மோதிரம் இருக்கிறது. அதை வைத்திருப்பவனை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். அது வார்க்கப்பட்ட எரிமலையின் நெருப்பிலேயே அதை அழிக்க வேண்டும். அந்தப் பாரம் ஃப்ரோடோ என்னும் சிறிய உருவினன்மேல் விழுகிறது. அவனுடைய தோட்டக்காரன் சாம் கூடவே நடக்கிறான். வழிகாட்டியாக வருபவன் கோல்லம். அவன் ஒருகாலத்தில் அந்த மோதிரத்தை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வைத்திருந்து உருக்குலைந்து போனவன். அதை மீண்டும் பறிக்கக் காத்திருப்பவன்.

இந்தக் கதையை எனக்கு அறிமுகம் செய்தவன் என் தம்பி. 2001 முதல் 2003 வரை பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்த மூன்று படங்கள் ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தபோது, இருவரும் சேர்ந்தே பார்த்தோம். மூன்றாம் படம் பதினொரு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற செய்தி வந்த அன்று, ஏதோ எங்கள் வீட்டுக்கே விருது வந்ததுபோல் அவன் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். படத்தில் எது குறைந்தது, நூலில் எது சிறந்தது என்று இரவு முழுவதும் வாதாடுவோம். அம்மா விளக்கை அணைத்த பின்னும் இருட்டில் வாதம் தொடரும்.

எங்கள் இருவருக்கும் பிடித்தவன் சாம். எரிமலைச் சரிவில் ஃப்ரோடோவால் நடக்க முடியாமற்போனபோது, அவனையே முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறானே, அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் கண் கலங்குவேன். வாலிபர் கூடுகையில் உண்மையுள்ள ஊழியக்காரனுக்கு மாதிரியாகச் சாமைப் பற்றி நான் பேசியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்படிப் பேசும்போதெல்லாம், சொல்ல வெட்கமாயிருக்கிறது, நானும் ஒரு சாம்தான் என்ற எண்ணம் என் உள்ளத்தில் ஒளிந்திருந்தது.

இந்த ஆண்டு வாசிக்கையில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. இரண்டாம் பாகத்தின் முடிவுக்குச் சற்று முன், கிரித் உங்கோல் என்னும் செங்குத்தான படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் களைத்து உறங்குகிறார்கள். சாமின் மடியில் ஃப்ரோடோவின் தலை. கோல்லம் இருட்டில் திரும்பி வருகிறான். அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு வருகிறவன் அவன். ஆனால் உறங்கும் இருவரையும் கண்டதும் அவன் முகம் மாறுகிறது. கண்ணிலிருந்த பேராசை மங்கி, களைத்துப்போன ஒரு முதியவனாய் அவன் தோன்றுகிறான். நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெதுவாகத் தொடுகிறான். ஒரு கணம் அவன் மனந்திரும்புதலின் வாசலில் நிற்கிறான்.

அப்போது சாம் விழித்துக்கொள்கிறான். தன் எஜமானின்மேல் கோல்லத்தின் கை இருப்பதைக் காண்கிறான். கடுமையாகப் பேசிவிடுகிறான், பதுங்கித் திரிகிற கள்ளன் என்ற பொருள்பட ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான். கோல்லத்தின் கண்ணில் பழைய பச்சை ஒளி திரும்புகிறது. பிறகு சாம் அரைமனத்தோடு வருத்தமும் தெரிவிக்கிறான். ஆனால் அந்தக் கணம் கடந்துவிட்டது. டோல்கீன் பின்னாளில் ஒரு கடிதத்தில், கதை முழுவதிலும் தமக்கு மிகத் துயரமான இடம் இதுவாகவே இருக்கலாம் என்று எழுதினார். திரைப்படத்தில் இந்தக் காட்சி இல்லை. அங்கே கோல்லம் சூழ்ச்சி செய்து, சாமை ஃப்ரோடோ விரட்டிவிடும்படி செய்கிறான். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குச் சாமின்மேல் ஒரு குறையும் தெரியாது.

கவனியுங்கள், பிரியமானவர்களே. சாம் சொன்னது பொய்யன்று. கோல்லம் கள்ளன்தான், அன்றிரவும் துரோகம் செய்துவிட்டுத்தான் வந்தான். விழித்திருந்து காத்தவன், சுமந்தவன், பட்டினி கிடந்தவன் சாம். அவனுடைய கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த நியாயமான சொல்தான் திறந்துகொண்டிருந்த ஒரு வாசலை மூடியது.

புத்தகத்தை மூடிவைத்தேன். என் நினைவுக்கு வந்தது வேறொரு இரவு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தகப்பனார் மருத்துவமனையில் கிடந்தார். சிகிச்சைக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைத் தம்பி எங்களுக்குத் தெரியாமல் எடுத்து, ஒரு வியாபாரத்தில் போட்டு இழந்துவிட்டான். அதன்பின் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பாவின் கட்டிலருகே இரவுதோறும் இருந்தவன் நான். ஓர் இரவு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவன் கை அப்பாவின் பாதங்களின்மேல் இருந்தது. நான் சொன்னேன்: "இன்னும் என்ன மிச்சம் இருக்கிறதென்று தடவிப் பார்க்கிறாயா?"

அவன் ஒன்றும் பேசாமல் வெளியேறினான். அப்பாவின் கடைசி நேரத்தில் அவன் அருகில் இல்லை. அடக்க ஆராதனையில் ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விட்டான். உறவினர் அனைவரும் என் பக்கமே பேசினார்கள். கணக்கும் என் பக்கமே இருந்தது.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 25ஆம் தேதி அவனிடமிருந்து ஒரு வரிச் செய்தி வரும். டோல்கீனின் கதையில் மோதிரம் அழிவது அந்த நாளில்தான். தேவதூதன் மரியாளுக்கு நற்செய்தி அறிவித்ததை ஆதிகாலந்தொட்டுத் திருச்சபை நினைவுகூரும் நாளும் அதுவே. 2003 முதல் உலகெங்கும் ரசிகர்கள் அந்த நாளை டோல்கீன் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். "மோதிரம் அழிந்த நாள் வாழ்த்துகள், அண்ணா." ஆண்டுதோறும் இதே வரி. நான் ஒரு முறையும் பதில் எழுதியதில்லை. அது வெறும் ரசிகனின் வாழ்த்து என்று எண்ணிக்கொண்டேன். அது படிக்கட்டில் நீண்ட கை என்று எனக்குப் புரியவில்லை.

கதையின் முடிவை எண்ணிப் பாருங்கள். எரிமலையின் விளிம்பில் நின்ற ஃப்ரோடோவால் மோதிரத்தை எறிய முடியவில்லை. அது தனக்கே உரியது என்று சொல்லி விரலில் அணிந்துகொள்கிறான். கோல்லம் பாய்ந்து அந்த விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, மகிழ்ச்சியில் கூத்தாடி, கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் மீட்கப்பட்டது வீரத்தினால் அல்ல. முன்பு பில்போ கோல்லத்தைக் கொல்லாமல் விட்டான். ஃப்ரோடோ அவன்மேல் இரங்கினான். கடைசியில் மலைச்சரிவில் சாமும் ஓங்கிய வாளைத் தாழ்த்தினான். தானும் சில காலம் அந்த மோதிரத்தைச் சுமந்திருந்ததால், கோல்லத்தின் வேதனை அவனுக்கு மங்கலாகவேனும் அப்போது விளங்கியது. இந்த இரக்கங்களில் ஒன்று குறைந்திருந்தாலும் பயணம் வீணாகியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நூலின் முதற்பதிப்பில், பில்போ கோல்லத்தைக் கொல்லாமல் விடும் அந்தக் காட்சியே கிடையாது. டோல்கீன் அந்த அதிகாரத்தைத் திருத்தி எழுதினார். 1951ஆம் ஆண்டின் பதிப்பில்தான் இரக்கம் உள்ளே வந்தது. அச்சாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆன கதையிலும் இரக்கத்துக்கு இடம் உண்டாக்க முடிந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்த மார்ச் 25ஆம் தேதியும் அவன் செய்தி வந்தது. நான் பதில் எழுதினேன்: "அன்றிரவு நீ அப்பாவின் பாதத்தைத் தொட வந்தாய். தவறாகப் பேசியவன் நான்." மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் அவன் தொலைபேசியில் அழைத்தான். நெடுநேரம் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு, அந்தப் பழைய புத்தகத்தின் கிழிந்த பின்னட்டையை ஒட்டினேனா என்று கேட்டான். பணத்தைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. பேசத்தான் வேண்டும். அதற்கு முன் பேச வேண்டியதைப் பேசியிருக்கிறோம்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஃப்ரோடோ கோல்லத்தின்மேல் இரங்கினான். அதற்காக மோதிரத்தை அவன் கையில் கொடுத்துவிடவில்லை. உங்களுக்குத் தீங்கு செய்தவரிடம் மீண்டும் பணப்பெட்டியின் சாவியைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் மனந்திரும்பி வரக்கூடிய வாசலை உங்கள் சொல்லால் அடைத்துவிடாதீர்கள் என்றே சொல்கிறேன்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். தாவீது ராஜா பாவத்தை மறைத்திருந்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். ராஜா கதையிலிருந்தவன்மேல் கோபங்கொண்டபின்தான் அது தன்னைப் பற்றியது என்று அறிந்தான். கெட்ட குமாரன் உவமையின் மூத்த மகனைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு முறையும் அது என் காதில் விழவில்லை. எனக்கு நன்றாய்த் தெரிந்த வசனத்துக்கு முன் நான் காவலாளியை நிறுத்தியிருந்தேன். நான் விரும்பி வாசித்த கதைக்கு முன் காவல் இல்லை. ஆகவே, அம்மா, போதகர் அந்தப் புத்தகத்தை வாசிக்கலாம். இந்தப் போதகருக்கு அது தேவையாயிருந்தது.

இந்த வாரம் உங்கள் தொலைபேசியில் பதில் எழுதப்படாமல் கிடக்கும் செய்தி எது என்று பாருங்கள். அது சாதாரண வாழ்த்தாக இருக்கலாம். நடுங்கி நீண்ட ஒரு கையாகவும் இருக்கலாம்.

ஆண்டவரே, எங்கள் நியாயம் எங்களைக் கடினப்படுத்தாதபடி காத்தருளும். நாங்கள் மூடிய வாசல்களைத் திறக்க எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.