பதினாலணாத் தூண்டில்

தூண்டில் என்றதும், வேலையற்ற ஒருவன் குளக்கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிதான் நேயர்களின் மனக்கண்முன் தோன்றும். அந்தத் தூண்டிலைப் பற்றி நான் எழுத வரவில்லை. நீலகிரியில், எங்கள் வீட்டில், இரண்டு தலைமுறையாக நடந்துவரும் கூத்து வேறு. இதில் தக்கையும் கிடையாது, புழுவும் கிடையாது, உட்காரவும் முடியாது. கோழியிறகையும் பட்டிழையையும் முள்ளில் சுற்றிப் பொய்யாக ஓர் ஈயைச் செய்து, அதை ஓடை நீரின்மேல் மெள்ள இறக்கி, டிரௌட் என்னும் மீனை ஏமாற்றுவதுதான் இந்த வித்தை. மீனும் நம் நாட்டதன்று. 1860-களில் பிரான்ஸிஸ் டே என்ற மீனியல் நிபுணர் அதை இந்த மலையில் குடியேற்ற முயன்றார், பலிக்கவில்லை. வில்ஸன் என்பவர் 1907-ல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைத்த பிறகே எங்கள் குளிர்ந்த ஓடைகளில் அது நிலைத்தது.

இந்த வித்தையின் விசேஷம் நூலில் இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும். நூல் பின்னாலேயே ஓடும். இறகால் செய்த ஈக்கோ எடையே இல்லை. அதை எறிந்தால் எறிந்தவன் மூக்கிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகையால் இங்கே நூலுக்கே எடை இருக்க வேண்டும். கோலை முன்னும் பின்னும் வீச, நூல் சாட்டைபோல் சுருண்டு, அலையாக நீண்டு விரியும்; அதன் நுனியிலுள்ள நைலான் நரம்பு கடைசியாக விரிந்து ஈயை நீரில் வைக்கும். நூல் எந்த இடத்தில் தடித்து எந்த இடத்தில் மெலிகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கின்றன. கோல் எத்தனை உயர்ந்ததாயிருந்தாலும் நூல் சரியில்லையென்றால் வெறுங்கழிதான்.

என் தகப்பனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். தோட்டத்துரை ஊருக்குக் கப்பலேறியபோது ஒரு மூங்கிற்கோலையும் பட்டுநூற் சுருளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பின்னிய பட்டில் ஆளிவிதை எண்ணெயை ஊறவைத்து மெருகேற்றிய நூல் அது. அதைப் போற்றுவது குழந்தை வளர்ப்பதைப்போல. ஒவ்வொரு நாளும் சுருளிலிருந்து கழற்றி, தாழ்வாரத்தில் வளையம் வளையமாகத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உளுத்துப்போகும். ஆடி மாதத்து மழையில் எங்கள் வேஷ்டிகள் காயாவிட்டாலும் அந்த நூல் காய்ந்தாக வேண்டும்! அப்படியும் அங்கங்கே நைந்தது. நைந்த இடத்தை வெட்டியெறிந்து, இரு முனைகளையும் ஊசியால் பஞ்சுபோல் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, மெல்லிய பட்டிழையால் சுற்றி வார்னிஷ் பூசுவார். நெசவாளர்கள் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதை ஆயிரக்கணக்கான இழைகளுக்குச் செய்கிறார்கள். தகப்பனார் ஒரே நூலுக்குச் செய்தார். பொறுமையில் அதிக வித்தியாசம் இல்லை.

இப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. வலது தோள் உயர்வதில்லை, விரல்கள் நடுங்குகின்றன. மூங்கிற்கோலைப் பரணில் வைத்துவிட்டு, இறகுபோல் கனக்கும் கரிநார்க் கோல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பயனில்லை. கடை நூல்களில் பெரும்பாலானவற்றில் எடை, முப்பது அடியும் அதற்கு மேலும் பரந்து கிடக்கிறது. அவ்வளவு நீளத்தையும் நாலைந்து தடவை ஆகாயத்தில் ஆட்டினால்தான் கோல் வளையும். அவருடைய தோளோ இரண்டு ஆட்டத்துக்குமேல் சம்மதிப்பதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோலைத் துடைத்து உறையில் போட்டுவிட்டுத் தினசரியை எடுத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. முப்பது அடியின் எடையை இருபத்துச் சொச்ச அடிக்குள் அடக்கி, அதன்பின் மெல்லிய நூலைக் கோத்துவிட்டால், ஒரே வீச்சில் கோல் வளைந்து, மெல்லிய நூல் வளையங்களின் வழியே வழுக்கிக்கொண்டு ஓடும். இது என் சொந்த யோசனையல்ல. 1934-ல் அமெரிக்காவில், போர்ட்லண்டைச் சேர்ந்த மார்வின் ஹெட்ஜ் என்பவர் பல தடிமனுள்ள நூல்களைத் தம் கையாலேயே ஒட்டுப்போட்டுக்கொண்டு எறியும் போட்டிக்கு வந்து எல்லோரையும் திகைக்க வைத்தார். அவர் தூரத்துக்காகச் செய்ததை நான் ஒரு கிழத் தோளுக்காகச் செய்ய வேண்டியிருந்தது.

இனி எடைக் கணக்கு. பட்டுக் காலத்தில் நூலின் தடிமனை எழுத்துக்களால் குறித்தார்கள். எல்லாம் பட்டாயிருந்தவரையில் தடிமன் தெரிந்தால் எடையும் தெரிந்துவிடும். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்ததும் அந்தக் கணக்குக் குலைந்தது; ஒரே தடிமனுள்ள இரண்டு நூல்கள் இரண்டு எடை காட்டின. எனவே 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் முதல் முப்பது அடியின் எடையைக் கொண்டே எண் கொடுத்தார்கள்: ஐந்தாம் எண்ணுக்கு 140 கிரெயின், ஆறாம் எண்ணுக்கு 160, ஏழாம் எண்ணுக்கு 185. ஆறு அல்லது எட்டு கிரெயின் கூடக்குறைய இருக்கலாம். கிரெயின் என்பது வாற்கோதுமை மணியிலிருந்து பிறந்த ஆங்கில நிறை. நம் வெள்ளி ரூபாயின் நிறை ஒரு தோலா, அதாவது சரியாக 180 கிரெயின்! அரை ரூபாய் 90. கால் ரூபாய் 45. விக்டோரியா காலத்து வெள்ளி இரண்டணா இருபத்திரண்டரை. ஆகவே பன்னிரண்டணா வைத்தால் ஐந்தாம் எண் நூல். பதினாலணா வைத்தால் ஆறாம் எண். முழு ரூபாய் வைத்தால் ஏழாம் எண். மூன்றும் அனுமதித்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. 1957-ல் நயா பைசா வந்து அணாவை ஒழித்ததே என்று எனக்கு வருத்தமுண்டானது அன்றைக்குத்தான்.

நாணயங்கள் பூஜையறையில் லக்ஷ்மி படத்துக்குமுன் வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தன. தேய்மானம் அதிகமில்லாதவையாகப் பொறுக்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு என் மனைவி அனுமதித்தாள். மீன் தொழிலுக்கு மகாலக்ஷ்மியின் காசா என்று கேட்டாள். "நிறுப்பதற்குத்தானே, வாங்குவதற்கல்லவே" என்றேன். அந்த வாதம் அவ்வளவாக எடுபடவில்லை.

தகப்பனாருடைய கோல் ஆறாம் எண்ணுக்கு உரியது. நடுவில் தடித்து இரு நுனியும் மெலிந்த எட்டாம் எண் பழைய நூல் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் நுனியிலிருந்து இருபத்தாறு அடியை வெட்டித் தராசில் வைத்தேன். தட்டுத் தாழ்ந்தது. பின்புறத்தில் அரையடி வெட்டினேன், மறுபடியும் அரையடி. வெட்டின நூலைத் திரும்ப ஒட்டிப் பழைய நூலாக்க முடியாதாகையால், பிறகு அங்குலம் அங்குலமாகவே போனேன். இருபத்து மூன்றரை அடியில் முள் நடுவே நின்றது. பதினாலணா!

அடுத்தது ஒட்டுவேலை. நகப்பூச்சைத் துடைக்கும் அஸிடோனில் நூலின் முனையை ஒரு நிமிஷம் ஊறவைத்தால் மேற்பூச்சு இளகும். நகத்தால் இழுத்தால் உறைபோலக் கழன்று, உள்ளே பின்னிய நைலான் வெளிப்படும். முக்கால் அங்குலம் போதும். ஊசியால் அதைக் கோதிப் பிரித்து, இழைகளைச் சமமில்லாமல் கத்தரிக்க வேண்டும். எல்லா இழையும் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே படிபோல் மேடு விழும், வளையத்தில் தட்டும். மெல்லிய நூலின் முனையையும் அவ்வாறே செய்து, இரண்டு தூரிகைகளையும் ஒன்றுக்குள் ஒன்று புகுத்தி, மெழுகிட்ட பட்டிழையால் நெருக்கமாகச் சுற்றினேன். தகப்பனார் நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இறுக்கு, இன்னும் இறுக்கு, பிள்ளைகளுக்குப் பரீட்சையில் மார்க் போடுவதுபோல் தாராளம் காட்டாதே" என்றார். மேலே வளைந்துகொடுக்கும் ரப்பர்ப் பசை இரண்டு பூச்சு. ஒட்டு விறைத்துப்போனால் அதன் இரு பக்கமும் நூல் ஒடியும். தளர்ந்துபோனால் கீல்போல் மடங்கி, வந்த அலை அங்கேயே இறந்துபோகும். விரலில் சுற்றிப் பார்த்தால் நூல் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவே ஒட்டும் வளைய வேண்டும்.

பள்ளிக்கூடத்து விசைத் தராசில் மாட்டி ஆறு கிலோவரை இழுத்தேன், அசையவில்லை. நுனியில் கட்டும் நரம்பு இரண்டு கிலோவுக்கே அறுந்துவிடும். ஆகவே ஒட்டு விட்டுப்போகுமுன் மீன் தப்பித்துக்கொள்ளும். நூல் நமக்கு மிஞ்சும்.

புதன்கிழமை மாலை, பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், பள்ளி மைதானத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். புல்லில் வீசிப் பழக உரிமச்சீட்டுத் தேவையில்லை. முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளித் துணுக்கைக் கட்டினேன். அவர் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோளை அசைக்காமல், பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை கோலை வீசினார். காலடியில் சுருண்டு கிடந்த மெல்லிய நூல் சர்ரென்று கிளம்பி, ஒட்டு வளையங்களில் 'டிக், டிக்' என்று தட்டிக்கொண்டு வெளியேறியது. காலால் அளந்து பார்த்தேன், ஐம்பதடிக்குக் குறையவில்லை. பத்துத் தடவை வீசிய பிறகே அவர் நின்றார். தோள் வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"விழும்போது சத்தம் கேட்கிறது. எட்டாம் எண் நூலின் நுனி மீனுக்குக் கனம். பழைய நூல் ஒன்றிலிருந்து மெல்லிய நுனியாக நாலடி எடுத்து முன்னால் ஒட்டு" என்றார்.

"எடை பதினாலணாவைத் தாண்டுமே?"

"தாண்டுகிற அளவைப் பின்னாலே குறைத்துவிடு. காசுகளைத் திருப்பி வைத்துவிட்டாயா?"

வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.