மனச்சோர்வு மனத்தின் குற்றமன்று

காய்ச்சல் கண்டவனை யாரும் கடிந்துகொள்வதில்லை. கால் முறிந்தவளை எழுந்து நடவென்று அதட்டுவதுமில்லை. ஆனால் மனச்சோர்வுற்ற ஒருவரைக் கண்டால் மட்டும் நம் நாவில் அறிவுரை தானாக ஊறிவிடுகிறது. “உனக்கென்ன குறை?”, “மனத்தைத் தேற்றிக்கொள்”, “செபமாலையை ஒழுங்காகச் சொன்னால் எல்லாம் சரியாகும்” என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போகிறோம். நோயுற்றவரோ முன்னிலும் கனத்த நெஞ்சோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்.

பங்குப் பணியில் இத்தகைய இல்லங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். அடுப்பு மூட்டவும் மனமின்றி, என்றோ நடந்த ஒரு சொல்லாடலையே நாள் முழுதும் நினைந்து நினைந்து அழும் தாயை, “சோம்பேறி” என்பார்கள் சுற்றத்தார். “எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா, சுவாமி?” என்று அவர்கள் கேட்கும்போது, இல்லை என்று சொல்வதோடு நில்லாமல், ஏன் இல்லை என்பதையும் விளக்குவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் பகுதிகள் தனித்தனித் தீவுகளாக இயங்குவதில்லை. ஓயாமல் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. 1995-இல் பரத் பிஸ்வால் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், அசையாது படுத்திருப்பவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் ஆராய்ந்தனர். உடல் அசைவை ஆளும் பகுதிகள், மூளையின் இடப்புறமும் வலப்புறமும் விலகியிருந்தும், ஒரே தாளத்தில் ஏறியிறங்குவதைக் கண்டனர். வேலையின்றி நாம் சும்மா இருக்கையிலே, நம்மைப் பற்றியும் கடந்ததைப் பற்றியும் வருவதைப் பற்றியும் எண்ணும் ஒரு பகுதிக் கூட்டம் சுறுசுறுப்படைகிறது என்பதை 2001-இல் மார்க்கஸ் ரெய்க்கிலும் அவர்தம் குழுவினரும் எடுத்துரைத்தனர்.

மனச்சோர்வில் இந்தத் தொடர்புகள் மாறுபடுகின்றன. துயர உணர்வோடு தொடர்புடைய ஒரு சிறு பகுதி மூளையின் முன்புறத்தே ஆழத்தில் உள்ளது. தன்னைப் பற்றி எண்ணும் அக்கூட்டத்தோடு அப்பகுதி அளவுக்கு மீறி இறுகப் பிணைந்திருப்பதாக 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. பழைய வருத்தத்தையே மனம் சுற்றிச் சுற்றி வருவதன் காரணத்தை அறிய இது ஒரு வழி திறந்தது. அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவை அடக்கியாளும் முன்மூளையின் பிடி தளர்வதையும் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. 2024-இல் வெளிவந்த ஆய்வொன்று, எதைக் கவனிக்கவேண்டும் எனத் தேர்ந்து காட்டும் வலையமைப்பு, நோயுற்றோர் பெரும்பாலோரிடம் ஏறக்குறைய இருமடங்கு பரந்திருக்கக் கண்டது.

ஆயினும் எல்லாரிடமும் இம்மாற்றம் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2019-இல் சீனாவில் 1,300 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நோய் மீண்டும் மீண்டும் தாக்கியவர்களிடம் அத்தற்சிந்தனைக் கூட்டத்தின் உள் தொடர்பு குறைந்தே காணப்பட்டது. எனவே மூளையைப் படமெடுத்து மனச்சோர்வை உறுதிசெய்யும் நிலை இன்னும் வரவில்லை. அதற்கென நகையை அடகு வைத்துப் படமெடுக்க எவரும் ஓடவேண்டா. பொறுமையோடு கேட்டறியும் மனநல மருத்துவரே இன்றும் நோயைக் கண்டறிகிறார்.

மாறிய தொடர்பு மீண்டும் மாறக்கூடியது என்பதே நமக்கு ஆறுதல். மருந்தும் முறையான உரையாடல் சிகிச்சையும் உடற்பயிற்சியும் பலரை மீட்டிருக்கின்றன. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகலாம். சற்றுத் தேறியதும் தாமாகவே அதை நிறுத்திவிடுதல் ஆகாது. எச்சிகிச்சைக்கும் தேறாத ஆறு பேருக்கு, மேற்சொன்ன துயரப் பகுதியின் அருகே மெல்லிய மின்தூண்டலை ஹெலன் மேபெர்க் குழுவினர் டொராண்டோவில் அளித்தபோது, நால்வர் நிலையான நலம் கண்டதாக 2005-இல் அறிவித்தனர்.

செபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இறைவாக்கினர் எலியா சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் நீரும் தந்து, மீண்டும் உறங்கவிட்டு, மறுபடியும் உணவு தந்தார். உடலுக்கு வேண்டியதே முதலில் வந்தது. ஓரேபு மலைக்கான பயணம் அதன் பின்னரே. ஆகவே நம் இல்லங்களிலும் முதலில் ஒரு வாய்ச் சோறும், கடிந்துகொள்ளாத துணையும், மருத்துவரிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒருவரும் இருக்கட்டும்.

வாழவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதை வெறும் பேச்சென ஒதுக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் உதவி கேட்கலாம். இந்த எண்ணை இன்றே வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நோயுற்றவர் இனி உங்களிடம் கேட்கவேண்டிய முதற்சொல், “வா, நானும் உன்னோடு மருத்துவரிடம் வருகிறேன்” என்பதாக அமையட்டும்.