மழையா, மலையா? – வீட்டில் ஓர் ஒலிப்பதிவு அறை



“வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் கட்டியிருக்கிறீர்களாமே, பாடகியாகப் போகிறீர்களா?” என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேலி செய்வதுண்டு. பாட்டுக்கும் எனக்கும் வெகுதூரம். அந்தச் சிறிய அறை உருவானதற்குக் காரணம் ஒரு மாணவனின் சொல்வதெழுதுதல் ஏடு. அந்தக் கதையைத்தான் இன்று எழுத விழைகிறேன்.

2021ஆம் ஆண்டின் தொடக்கம். பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்துகொண்டிருந்தது. ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. நான் பத்துச் சொற்களைக் கைப்பேசியில் பதிவு செய்து புலனக் குழுவுக்கு அனுப்புவேன். மாணவர்கள் கேட்டு எழுதி, ஏட்டைப் படம் பிடித்து அனுப்புவர்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பத்தில் ஆறு சொற்களைப் பிழையாக எழுதியிருந்தான். ‘மழை’ மலையாகியிருந்தது, ‘பள்ளி’ பல்லியாகியிருந்தது, ‘கிளி’ கிலியாகியிருந்தது. வழக்கம்போல் சிவப்பு வட்டங்கள் இட்டேன். “ல, ள, ழ வேறுபாடு தெரியவில்லை, பயிற்சி தேவை” என்று குறிப்பும் எழுதினேன். அன்று மாலை அவனுடைய தாயார் அழைத்தார்.

“டீச்சர், நானும் பக்கத்துல உக்காந்துதான் கேட்டேன். எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. புள்ள ரொம்ப அழுதுட்டான்.”

அழைப்பு முடிந்ததும் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு என் பதிவை நானே கேட்டேன். தகரக் கூரையில் மழை இரைந்தது. மின்விசிறி சுழன்றது. வெறுஞ்சுவர்களில் மோதித் திரும்பிய என் குரல் என் குரலின் மீதே படிந்திருந்தது. போதாக்குறைக்கு, கைப்பேசி இரைச்சலைக் குறைக்க முயன்று எழுத்துகளின் ஓரங்களையும் சேர்த்துத் தேய்த்திருந்தது. எனக்கும் ‘மலை’ என்றுதான் கேட்டது! அந்தப் பிள்ளை பிழையாக எழுதவில்லை. கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருந்தான். வட்டமிட்டிருக்க வேண்டியது என் ஒலிப்பதிவையே.

நாவும் செவியும்

இந்த மூன்று எழுத்துகளையும் பிரிப்பது மிக நுண்ணிய அசைவு. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலையே இதற்காக வகுத்திருக்கிறார். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, ஒற்றும்போது லகரமும் வருடும்போது ளகரமும் பிறக்கும் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். வகுப்பறையில் மாணவர்கள் நம் வாயைப் பார்க்கிறார்கள். ஒலிப்பதிவிலோ அவர்களுக்குச் செவி ஒன்றே துணை. அந்தச் செவிக்குக் கலங்கிய ஒலியைக் கொடுத்துவிட்டுத் தெளிந்த எழுத்தை எதிர்பார்த்தேனே!

அன்றே முடிவு செய்தேன். வீட்டில் ஒலிப்பதிவு அறை அமைப்பது புதுமையன்று. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் புறவளாகத்தில்தான் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை உருவானதும் அங்கேதான். எனக்கு இசை வேண்டாம். ழகரம் ழகரமாகக் கேட்டால் போதும்.

முட்டைத் தட்டுகளின் தோல்வி

யாரோ சொன்னதை நம்பி மளிகைக் கடையில் அறுபது முட்டைத் தட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, மாடி அறைச் சுவர்களில் ஒட்டினேன். இரண்டு நாள் வேலை. எதிரொலி சற்றே குறைந்தது. ஆனால் சாலையில் போன மோட்டார் சைக்கிள் முன்போலவே அறைக்குள் வந்துபோனது. மழையோ என் தலைக்கு மேலேயே பெய்தது. அடுத்த வாரம் கரப்பான்பூச்சிகளும் குடிவந்தன.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். நான் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். வெளியொலி உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் ஒலி எதிரொலிக்காமல் உறிஞ்சுவது வேறொரு வேலை. தடுப்பதற்கு எடை வேண்டும், இடைவெளி கூடாது. உறிஞ்சுவதற்கு மென்மையும் தடிமனும் வேண்டும். முட்டைத் தட்டில் எடையும் இல்லை, தடிமனும் இல்லை.

உறிஞ்சும் வேலையை முதன்முதலில் அளந்து பார்த்தவர் வாலஸ் சபைன் என்னும் இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை அரங்கு ஒன்றில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்குவதற்கு ஏறத்தாழ 5.5 வினாடிகள் ஆயின. அதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. சபைன் இரவு நேரங்களில் அருகிலிருந்த மற்றோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எதிரொலி குறைவதை நேரம் குறித்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். கட்டட ஒலியியல் என்னும் துறை அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததே எனலாம். மாணவர்களுக்குக் கேட்கவில்லையே என்ற கவலையில் தொடங்கிய ஆய்வு என்பதால் எனக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு.

இரண்டாம் முயற்சி

இம்முறை மாடியை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த பொருள் வைக்கும் அறையைத் தேர்ந்தெடுத்தேன். மேலே சிமெண்டுத் தளம் இருப்பதால் கூரை மழையின் இரைச்சல் வெகுவாகத் தணிந்தது. சரியான அறையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை என்பதை அப்போது உணர்ந்தேன்.

இரவில் அறைக்குள் விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருட்டில் நின்று பார்த்தேன். கதவின் கீழும் ஓரங்களிலும் வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. வெளிச்சம் கசியும் வழியில் ஒலியும் கசியும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்றப் பகுதி எவ்வளவு கனமாயினும், தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபலைத் தாண்டாது. ஆகவே உள்ளீடற்ற இலேசான கதவை மாற்றிக் கனமான பலகைக் கதவு பொருத்தினோம். சுற்றிலும் இரப்பர்ப் பட்டை ஒட்டினோம். பின்சந்தைப் பார்த்த சன்னலுக்கு இரண்டு கனமான ஒட்டுப்பலகைகளால் மூடி செய்து, ஓரங்களை இரப்பரால் அடைத்தோம். எடை இருமடங்கானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும் என்பதே இதற்கு அடிப்படை.

அடுத்து உறிஞ்சும் வேலை. மரச்சட்டங்களுக்குள் நான்கு அங்குலத் தடிமனில் பாறைக்கம்பளியை அடைத்து, அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளால் போர்த்தினேன். காற்றுப் புகும் துணியாக இருந்தால்தான் ஒலியும் உள்ளே புகுந்து அடங்கும். இந்த வேலைக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். செலவு ஏறத்தாழ 900 ரிங்கிட். அதில் பெரும்பகுதி கதவுக்கே போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று தீத்தடுப்பு இல்லாத நுரைப்பஞ்சைச் சுவரில் ஒட்டாதீர்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இசைக்கூடம் ஒன்றில் வாணவேடிக்கையின் பொறி அத்தகைய நுரையில் பற்றி, 100 பேர் உயிரிழந்தனர். காற்றோட்டத்தையும் மறவாதீர்கள். நன்றாக அடைத்த அறை நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் அடுப்பாகிவிடும். நான் மின்விசிறியை நிறுத்திப் பத்து நிமிடங்கள் பதிவு செய்வேன். பிறகு கதவைத் திறந்துவிடுவேன்.

மீண்டும் பத்துச் சொற்கள்

அறை முடிந்ததும் முதலில் பதிவு செய்தவை அதே பத்துச் சொற்கள்தாம். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன். அந்த மாணவனுக்கும் தாயாருக்கும் தனியே அழைத்து, “பிழை உன்னுடையது அல்ல தம்பி, டீச்சருடையது” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்ப அந்தச் சிவப்பு வட்டத்த அழிச்சிடலாமா டீச்சர்?” என்று கேட்டான். அழிக்கச் சொன்னேன்.

புதிய பதிவைக் கேட்டு ஒன்பது சொற்களைச் சரியாக எழுதினான். ‘வாழை’ மட்டும் வாளையாகியிருந்தது. அதை ஒலிப்பதிவின்மீது சுமத்த இயலவில்லை. உண்மையாகவே அவனுக்குப் பயிற்சி தேவைப்பட்ட இடம் அது ஒன்றுதான். அதை இப்போது எங்கள் இருவராலும் காண முடிந்தது. பள்ளிகள் திறந்த பின்னரும் அந்த அறை பயன்படுகிறது. வீட்டில் தமிழ் பேச ஆளில்லாத பிள்ளைகளுக்காகக் கதைகளையும் சொற்களையும் பதிவு செய்து அனுப்பிவருகிறேன்.

பெற்றோர்களே, நீங்கள் அறை கட்ட வேண்டியதில்லை. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து, அதன் முன் நின்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒரு கதையைப் படித்துப் பதிவு செய்யுங்கள். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஆசிரியர்களே, நாம் அனுப்பும் ஒவ்வொரு பதிவையும் முதலில் நாமே காதொலிப்பானில் கேட்போம். அதன் பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுப்போம்.

அன்புடன், உங்கள் தமிழாசிரியை.